கொட்டாத தண்ணீர்

குளிர்பானத் தொழிற்சாலையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களைக் காரச் சோடா கலந்த சுடுதண்ணீரில் கழுவி, சூடு ஆறுவதற்குள் பெல்ட்டில் வரிசையாக அனுப்புவார்கள். பெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம் போட்ட ஒரு பலகை, முன்னால் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் அவள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வாய் உடைந்த பாட்டில், முடி போல விரிசல் ஓடிய பாட்டில், உள்ளே உறிஞ்சுகுழல் ஒட்டியது, துரு வளையம் விழுந்தது, வண்டு செத்துக் கிடப்பது என்று எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. பார்த்தோம் என்று அவளுக்குத் தெரிவதற்கு முன்பே கை போய் அந்தப் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கியிருக்கும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அதற்கு மேல் கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது என்று சூப்பர்வைசர் சொல்வார். ஆள் விழித்திருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவர் தினமும் ஏதாவது ஒரு நேரத்தில், அடியில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு பழுது பாட்டிலை வரிசைக்குள் நுழைத்துவிடுவார். அதற்குச் சோதனை பாட்டில் என்று பெயர். பதினோரு வருடத்தில் அவள் ஒரு சோதனை பாட்டிலைக்கூட விட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் பெல்ட் நின்றுவிடும், கண் நிற்காது. கணவன் சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருப்பது, துண்டு உள்பக்கம் வெளியே தெரிய மடிக்கப்பட்டிருப்பது, மகள் எழுதிய ‘ழ’வுக்கு வால் குட்டையாக இருப்பது, எல்லாம் வாசற்படியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லியும் விடுவாள். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவள் பாட்டிலைத் தூக்கி ஓரமாக வைப்பது போல நிதானமாகச் சொல்வாள்.

வீட்டில் மொத்தம் நாலு பேர். கணவன் குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். ஊரார் வீட்டுக் குளிர்பெட்டியெல்லாம் அவன் கைபட்டால் ஓடும், தன் வீட்டுக் குளிர்பெட்டியை மட்டும் சரியாகச் சாத்த மறந்துவிடுவான். ஒரே மகள். பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பிறகு மாமனார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அவர் இரண்டு கைகளும் சும்மா இருக்கும்போதுகூட நடுங்கும். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “நடுக்கமா, யாரு சொன்னா? டீசல் வண்டி, ஆஃப் பண்ணாம நிக்குது, அவ்வளவுதான்” என்பார்.

மாலையில் சாப்பிட உட்காருவதற்கு முன் மேஜையைச் சுற்றி ஜெபம். அவரவர் அன்றைய நாளுக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், அதன் பிறகு முறை வைத்து ஒருவர் ஜெபிப்பார். கணவன், “ஜாம் ஆகி நின்னுபோன கம்ப்ரஸர் ஒண்ணு இன்னைக்குத் தானா ஓடிச்சு, ஸ்தோத்திரம்” என்பான். மாமனார், “இன்னைக்கும் வண்டி ஸ்டார்ட் ஆச்சு, ஸ்தோத்திரம்” என்று தன்னையே சொல்லிக்கொள்வார். பாப்பாவுக்கு ஒரு நாள் தோழி, ஒரு நாள் மழை, ஒரு நாள் பூனை.

அவள் முறை வரும்போது, “பால் பொங்கி வழியல. யாருக்கும் காய்ச்சல் வரல. மேஜையில தண்ணி கொட்டல. ஸ்தோத்திரம்” என்பாள்.

ஜெபம் தொடங்கினால் மூன்று பேர் கண்ணை மூடுவார்கள். அவள் மூட மாட்டாள். யார் மூடவில்லை என்று பார்க்க வேண்டுமே. பாப்பாவுக்கு ஆறு வயதிருக்கும்போது, “ஜெபத்துல கண்ணத் திறந்த இல்ல?” என்று கேட்டதற்கு, “நான் திறந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று குழந்தை திருப்பிக் கேட்டது. மாமனார் புரையேறும்வரை சிரித்தார். அன்றிலிருந்து அது அந்த வீட்டின் பழைய சிரிப்பு.

தண்ணீர் கொட்டாததற்கான ஸ்தோத்திரம் மட்டும் எட்டு மாதமாகத்தான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாரம், அடுத்தடுத்து மூன்று நாள், மாமனாரின் டம்ளர் சரிந்தது. மூன்றாம் நாள் கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து தூளாகியது. அவள் ஒன்றும் திட்டவில்லை. “இதோட மூணு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பம் எடுக்கப் போனாள். அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாமனார் தன் அறையிலேயே சாப்பிட்டார். கேட்டால் முட்டி வலி என்றார். மகனும் பேத்தியும் போய் இழுக்காத குறையாகக் கூட்டி வந்த பிறகு மறுபடி மேஜைக்கு வந்தார். அன்று முதல் தண்ணீர் கொட்டவில்லை. ஆண்டவர் கிருபை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதே எட்டு மாதமாகப் பாப்பாவிடம் புதிதாக இரண்டு குறை. அழகான கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் இருக்க, அடி கனத்த, நசுங்கிய பழைய எவர்சில்வர் டம்ளர்களையே எல்லாருக்கும் எடுத்து வைக்கிறாள். தன் இடத்தை விட்டுவிட்டு, தாத்தாவுக்குப் பக்கத்தில், முட்டி இடிக்கும் குறுகலான மூலையில் போய் உட்காருகிறாள். போதாததற்கு ஈரத் துணி ஒன்றையும் மடித்து மேஜையில் போட்டுவைக்கிறாள். மூன்றையும் அவள் பலமுறை சொல்லிவிட்டாள். பாப்பா “சரிம்மா” என்பாள், மறுநாள் அதையே செய்வாள்.

அந்த வருடம் சபையில் பாப்பாவோடு சேர்த்து ஏழு பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல், அதாவது சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் சடங்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அப்பாவோ அம்மாவோ முன்னால் வந்து, அந்தப் பிள்ளையிடம் தான் கண்ட ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும் என்று போதகர் வைத்திருந்தார். பெற்றோர் கூட்டத்தில் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“‘நல்ல பிள்ளை, கீழ்ப்படிவா’ன்னு ஆரம்பிக்காதீங்க. அத நானே ஏழு பேருக்கும் மொத்தமா சொல்லிடுவேன். உங்க கண்ணால பாத்தது ஒண்ணு சொல்லுங்க, போதும்.”

பிள்ளைகளிடம் ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். தனக்காக யார் பேச வேண்டும் என்று பிள்ளையே எழுதி, சனிக்கிழமை ஒத்திகையில் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை மாலை அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்தது. அதில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது. ‘ப்’பின் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருப்பதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்பதே உறைத்தது.

துவைத்த துணியோடு கூடத்துக்கு வந்தவள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பாவயா எழுதியிருக்க? உங்கம்மா நல்லாப் பேசுவாளே.”

“நல்லாத்தான் பேசுவாங்க தாத்தா. என்ன பேசுவாங்கன்னு எனக்கு இப்பவே தெரியும். ‘இவ கதவ டமார்னு சாத்தறதில்ல. பல்லு தேய்க்காம இருக்கறதில்ல. ஸ்தோத்திரம்.’ சபையே சிரிக்கும்.”

தாத்தா சிரித்துவிட்டார். பாப்பாவும் சிரித்தாள். பிறகு பாப்பா குரல் மாறியது.

“அப்பா அழுது சொதப்பினாலும் பரவாயில்ல. ஏதாவது நடந்ததச் சொல்வாரு.”

ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாதத்தை நனைத்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

கணவன் வந்ததும் சமையலறையில் மெல்லக் கேட்டாள். “நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

“எங்க சொல்றது. மைக்கப் பாத்தா எனக்குத் தொண்ட உறைஞ்சிடும். நீ சொல்லேன்.”

“அவ உங்களத்தான எழுதியிருக்கா.”

அவன் குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். “பென்சில்லதான எழுதியிருக்கா” என்றான்.

அன்று முதல் அவளுக்கு அது ஒன்றே நினைப்பு. தன் பிள்ளைக்குத் தான்தான் பேச வேண்டும். பேச வேண்டுமென்றால் பிள்ளையே எழுத வேண்டும். கெஞ்சி வாங்குவதில் என்ன இருக்கிறது? சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பாப்பாவைப் பாராட்டிப் பார்த்தாள். பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளையை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, யோசித்து, “உன் பின்னல் இன்னைக்குக் கோணலா இல்ல” என்றாள்.

“தேங்க்ஸ்மா” என்றாள் பாப்பா. மூக்கில் தும்மல் வராமல் அடக்குவது போல இருந்தது அவள் முகம். தெருமுனை திரும்பியதும் சிரித்திருப்பாள்.

புதன்கிழமை, தன்னோடு ஸ்டூலில் மாறி மாறி உட்காரும் கூட்டாளியிடம் கேட்டாள். கூட்டாளி வாயாடி, ஆனால் விஷயம் தெரிந்தவள்.

“ஏம்பா, ஒரு நாளைக்கு நம்ம எத்தன நல்ல பாட்டில் பாக்குறோம்?”

“அத யாரு எண்ணுவா? நல்லது தானாப் போயிடும். போறதப் பாக்கவா நமக்கு ஸ்டூல் போட்டிருக்கு?”

தன் முறை வந்ததும் அவள் புதிதாக ஒன்று செய்துபார்த்தாள். பழுதைத் தேடாமல், போகிற ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்தாள். வெளிச்சம் தோளில் ஏறி, கழுத்தில் வழுக்கி, வாயில் வட்டமாக நின்றது. ஒவ்வொன்றிலும் நின்றது. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சோதனை பாட்டில் அவளைத் தாண்டிப் போனது. பெல்ட்டின் மறுகோடியில் சூப்பர்வைசர் அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சிவப்புப் புள்ளி.

“எக்ஸ்ரேக்கு கரண்ட் போயிடுச்சா?” என்று கூட்டாளி வரிசைக்கே கேட்கும்படி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “வீட்டுல எதாவது பிரச்சனையாம்மா?” என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். வேலையை வேலையாகத்தான் பார்க்க வேண்டும், இங்கே பழுதைத் தேடத்தான் சம்பளம். அதில் தவறில்லை. வீட்டில் யார் தனக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஜெபம் மாமனாரின் முறை. அவர் ஜெபம் பேருந்து போலத்தான், எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். போதகர், சபை, வியாதிக்காரர், பரீட்சை எழுதுகிறவர், சாலையில் வண்டி ஓட்டுகிறவர் என்று ஒருவரையும் ஏற்றாமல் போகாது. முழங்கைகளை மேஜையில் ஊன்றி, கைகளைக் கோத்து, கண்ணை மூடித் தொடங்கினார்.

அவள் கண் வழக்கம் போல மேஜையை வலம் வந்தது. கணவன் கண் மூடியிருந்தது. மாமனார் கண் மூடியிருந்தது. பாப்பா கண்ணும் மூடியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அன்று என்னவோ, பழுது ஒன்றும் இல்லாத அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நெற்றி, மூக்கு, ஜெபத்தோடு சேர்ந்து லேசாக அசைந்த உதடு. பிறகு பார்வை கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும் இறங்கியது.

பாப்பாவின் இடது கை மேஜைமேல் இருந்தது. இரண்டு விரல்கள் தாத்தாவின் டம்ளர் அடியைப் பிடித்திருந்தன. டம்ளர் அந்த ஈரத் துணியின் மேல் நின்றது. வியாதிக்காரருக்காக ஜெபிக்கும்போது மாமனாரின் கை அதிகமாக நடுங்கியது, மேஜையே அதிர்ந்தது. டம்ளர் மெல்ல நகரப் பார்த்தது. விரல்கள் கூடவே போயின, அமர்த்திப் பிடித்தன, முழங்கை இடிக்காத தூரத்துக்குத் தள்ளி வைத்தன. பாப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. அந்தக் கைக்கு வழி தெரிந்திருந்தது. சாலையில் ஓட்டுகிறவர்கள் நிறுத்தம் தாண்டி, “இயேசுவின் நாமத்தில்” என்று வந்ததும், டம்ளர் தாத்தாவின் வலது கை வந்து விழும் இடத்துக்குத் திரும்ப வந்தது. பாப்பாவின் கை தன் மடிக்குப் போய்விட்டது.

“ஆமென்” என்றார்கள்.

“ரைட்” என்றார் மாமனார், தினமும் சொல்வது போல. கையை நீட்டினார். டம்ளர் அங்கே இருந்தது. கனத்த அடி. தூக்கிக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கண்ணாடி டம்ளர் வழுக்கும், கனத்த எவர்சில்வர் வழுக்காது. தாத்தாவுக்கு மட்டும் எவர்சில்வர் வைத்தால் அவர் மறுபடி அறைக்குப் போய்விடுவார், அதனால் எல்லாருக்கும் எவர்சில்வர். முட்டி இடிக்கும் மூலை. ஈரத் துணி. எட்டு மாதம், ஒரு நாள் விடாமல். அவள் தானாகக் கொட்டாமல் இருந்ததாக நினைத்து ஸ்தோத்திரம் சொன்ன தண்ணீரை, அவள் எதிரிலேயே ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தப் பிள்ளையைத்தான் டம்ளர் சரியில்லை, இடம் சரியில்லை, துணி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா? நான் கண்ணத் திறக்கலையே” என்றாள் பாப்பா.

“இல்ல. திறக்கல.”

“பின்ன ஏன் அப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடு.”



வெள்ளிக்கிழமை பாப்பா டியூஷன் முடிந்து வரும்போது மேஜை தயாராக இருந்தது. நாலு எவர்சில்வர் டம்ளர். தாத்தாவின் டம்ளருக்கு அடியில், பிழிந்து மடித்த ஈரத் துணி. முட்டி இடிக்கும் மூலையில் நாற்காலியைச் சற்று வெளியே இழுத்து, மேஜையையும் எதிர்ச் சுவர்ப் பக்கம் ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தாள். பாப்பா தோள்பையைக் கழற்றாமலே நின்றாள்.

“கண்ணாடி டம்ளர் எல்லாம் எங்கம்மா?”

“உள்ள வச்சுட்டேன். இது நல்லா உக்காருது.”

பாப்பா துணியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். முட்டி இடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை தாளில் ‘அப்பா’ இல்லை. ரப்பர் தேய்த்த இடம் கொஞ்சம் கறுத்திருந்தது. அதன்மேல் பேனாவால் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பாப்பா பின்னால் வந்தாள்.

“ஒரே ஒரு கண்டிஷன்மா. நடக்காததச் சொல்லக் கூடாது.”

“நடக்காததத்தான் சொல்லப் போறேன்.”

பாப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

“பேனாவுல எழுதிட்ட. இனிமே அழிக்க முடியாது” என்றாள் அவள். சிரித்தாளா இல்லையா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை.

ஆனால் அவளுக்கே ஒரு பயம் இருந்தது. டம்ளரைச் சொன்னால் கையைச் சொல்ல வேண்டும். கையைச் சொன்னால் சபைக்கு நடுவில் மாமனாரை நிறுத்துவது போலாகும். பாப்பா எட்டு மாதம் காப்பாற்றியதை ஒரே நிமிடத்தில் கொட்டிக் கவிழ்த்துவிடக் கூடாது. அவர் அறைக்குப் போனாள்.

“மாமா, நாளைக்கு நான் தண்ணியப் பத்திச் சொல்லலாமா? உங்களப் பத்தி ஒரு வார்த்த வராது.”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“நீயும் பாத்துட்டியா” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா மாமா?”

“மொத வாரமே தெரியும். கண்டக்டர் வேல பாக்கும்போது டிரைவர் திரும்பிப் பாக்கக் கூடாதும்மா. கண்ணாடியில பாத்துக்கணும்.” பிறகு, “தாராளமாச் சொல்லு. என் வண்டி நம்பர மட்டும் சொல்லாத” என்றார்.

“மாமா, அன்னைக்கு நான் ‘இதோட மூணு’ன்னு சொன்னேன்.”

“சொன்ன. சரியாத்தான் எண்ணின” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “போம்மா, போய்த் தைரியமாப் பேசு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதாகப் பாப்பாவின் முறை. வெள்ளை உடுப்பில் பாப்பா முன்வரிசையிலிருந்து எழுந்து போய் நின்றாள். அம்மா மைக்குக்கு முன் போனாள். மைக்கின் தலையில் தூசி இருந்தது. அது தெரிந்தது, விட்டுவிட்டாள்.

“எங்க வீட்டு மேஜையில எட்டு மாசமா தண்ணி கொட்டல” என்றாள். பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பாப்பா தரையைப் பார்த்தாள். “நான் தினமும் அதுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். தானா கொட்டாம இருக்குன்னு நெனச்சேன். போன வியாழக்கிழமைதான் பாத்தேன், என் மக பிடிச்சிட்டு இருந்தா. கண்ண மூடிக்கிட்டே பிடிச்சிட்டு இருந்தா. யார்கிட்டயும் சொல்லல. நான் அவளத் திட்டினப்போகூடச் சொல்லல.” அவள் எழுதிவைத்திருந்தது அத்தோடு முடிந்தது. பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “நான் பாத்துட்டேன் பாப்பா” என்றாள்.

சபைக்கு முழுசாகப் புரியவில்லை. என்ன தண்ணீர், எந்த மேஜை என்று இருவர் மூவர் பக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். போதகர் எதுவும் கேட்கவில்லை, பாப்பாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பாப்பா தன் இடத்துக்குத் திரும்பும்போது தாத்தா வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற போக்கில் அவர் வாய்க்குள்ளேயே “ரைட்” என்றார். பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கணவன் கைக்குட்டையைத் தேடினான். அதை அவன் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். காலையிலேயே அவள் அதை அலமாரிமேல் பார்த்திருந்தாள், எடுத்துத் தன் பையில் வைத்திருந்தாள். கொடுத்தாள்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஸ்தோத்திரம் சொல்லும் முறை வந்தபோது அவள், “பாப்பா தண்ணியப் பிடிச்சா, ஸ்தோத்திரம்” என்றாள். அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. ஜெபமும் அன்று அவள்தான். தொடங்கினாள். பாதி போயிருக்கும்.

“தாத்தா” என்று ஒரு ரகசியக் குரல் கேட்டது. “அம்மா கண்ண மூடியிருக்காங்க.”

அவள் ஜெபத்தை நிறுத்தினாள், கண்ணைத் திறக்காமலே.

“நான் மூடினது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

மாமனார் சிரித்த சிரிப்பில் மேஜை குலுங்கியது. டம்ளர் நகர்ந்ததா, யார் பிடித்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள்.